காட்டியவருக்கு நாலு, முடித்தவருக்கு மூன்று

மனைவி இறந்து இருபத்து நான்கு நாட்கள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். அன்று மாதத்தின் முதல் தேதி. சம்பள நாள் என்பதால் வந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருப்பதற்கும் கடையில் இருப்பதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகள்தான், போயிட்டு வாங்கப்பா என்றாள். வந்தார்.

அது மரச்சாமான் கடை. கீழே சோபாக்கள், முதல் மாடியில் கட்டிலும் மெத்தையும், இரண்டாம் மாடியில் சாப்பாட்டு மேசைகளும் அலமாரிகளும். லிஃப்ட் உண்டு, ஆனால் அது சாமான்களுக்கு. மனிதர்கள் படியேறித்தான் போக வேண்டும். பத்தொன்பது வருடமாக அவர் அந்தப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஆள் ஆறடிக்கு மேல். முதுகுக்குப் பின்னால் நெட்டையர், நேரில் அண்ணா.

விற்பனையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கல்லில் நார் உரிப்பவர். ஸ்டூல் வாங்க வந்தவர் ஆறு பேர் உட்காரும் மேசையோடு திரும்பிப் போன கதைகள் உண்டு. பொய் சொல்லி விற்க மாட்டார் என்று வாடிக்கையாளர்கள் நம்பினார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். பொய்யையெல்லாம் அவர் கூட வேலை செய்கிறவர்களிடம்தான் வைத்துக்கொள்வார்.

கடையின் சட்டம் அப்படி. அடிப்படைச் சம்பளம் வீட்டு வாடகைக்கே காணாது. மிச்சமெல்லாம் கமிஷன். பில்லில் யாருடைய எண் விழுகிறதோ அவருக்கே முழுக் கமிஷன். அதற்கு முன்னால் நான்கு நாள் யார் தொண்டை வற்றப் பேசியிருந்தாலும் கணக்கில் வராது. விற்பனையாளர்கள் மூன்று பேர். ஒன்றாம் எண் நெட்டையர். இரண்டாம் எண் முதல் மாடியைப் பார்த்துக்கொள்ளும் மெத்தையக்கா. மூன்றாம் எண் முப்பது வயதுக்காரன் ஒருவன், யாரும் சொல்லாமலே தினமும் டை கட்டி வருவதால் அவனுக்கு டை என்றே பெயர். மூவரும் ஒரே கூரையின் கீழ் ஆறு வருடம் இருந்தும், ஒருவருக்குத் தண்ணீர் பாட்டில் தேவைப்பட்டால் இன்னொருவர் நகர்த்தி வைத்தது கிடையாது.

அவருடைய மனைவி ஒரு சலவைக் கடையில் துணி ஆல்டர் செய்யும் தையல்காரி. வங்கியில் வரிசையில் நின்றிருந்தபோது தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துக் கீழே விழுந்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதன் பிறகு இல்லை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. அவர் அழுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மகள் அழுதாள், மச்சினி அழுதாள், சலவைக் கடைக்காரர்கூட வாசலில் நின்று அழுதார். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் தன்னுடையதா அடுத்தவனுடையதா என்று தெரியாமல் இருக்குமே, அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

சம்பளக் கவரை வாங்கியதும் வழக்கம்போல் பிரித்தார். போன மாதம் முழுக்க அவர் கடைக்குள் காலே வைக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் மட்டும் இருக்க வேண்டும். ஆனால் சீட்டில் கமிஷன் என்ற வரியில் பதினொரு பில்கள் இருந்தன. தொகை இரண்டு மாத வாடகைக்கு மேல். எங்கோ தவறு என்று நினைத்து, பில் போடும் இடத்துக்குப் போனார்.

பில்லக்காவின் தலைக்கு நேர் மேலே ஏசி. அதனால் மடியில் ஒரு கம்பளியைப் போட்டுக்கொண்டுதான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அதுல தப்பு ஒண்ணும் இல்லண்ணா."

"நான் வரவே இல்லையேம்மா."

"நீங்க வரல. உங்க ஆளுங்க வந்தாங்க."

அவள் விவரமாகச் சொன்னாள். போன மாதம் இரண்டாம் தேதி ஒரு வயதான தம்பதி அலமாரி வாங்க வந்தார்கள். டைதான் மேலே கூட்டிப்போனான். பத்தே நிமிடத்தில் பில்லுக்கு அழைத்து வந்துவிட்டான். பெரியவர் கையில் ஒரு தாள். படுக்கையறையின் அளவு, சுவரின் நீளம், ஜன்னல் கதவு திறக்க ஒரு முழம் விடவும் என்ற குறிப்பு, எல்லாம் நெட்டையரின் கையெழுத்து. டை மூன்று என்றான். பில்லக்கா ஒன்று என்று போட்டாள். அன்றிலிருந்து பில்லுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், முதலில் உங்களுக்குக் காட்டியது யார் என்று கேட்க ஆரம்பித்தாள். பதினொரு பேர், அந்த உயரமானவர் என்றார்கள்.

"மனசு கேக்கலண்ணா. நீங்க அங்க ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கீங்க. இங்க உங்க கையெழுத்தக் காட்டி இன்னொருத்தர் வாங்கிட்டுப் போறதா?"

இந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. மீதிச் சில்லறை வாங்கும்போது சொல்வதுபோல், சரிம்மா, ரொம்ப நன்றி என்றார். கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோபாக்களின் நடுவே போய் நின்றார்.

மதியத்துக்குள் விஷயம் முதலாளியம்மாவிடம் போய்விட்டது. டையின் சீட்டில் ஏழு பில்கள் குறைந்திருந்தன, மெத்தையக்காவின் சீட்டில் நான்கு. டைக்கு எட்டு மாத இரட்டைக் குழந்தைகள். பால் மாவு டப்பா நான்கு நாளைக்கு ஒன்று காலியாகிறது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவனே சொல்லிக்கொண்டிருப்பான்.

முதலாளியம்மாவின் அறை இரண்டாம் மாடியில் அலமாரிகளுக்குப் பின்னால் இருந்தது. ஐந்து பேர் உள்ளே போனதும் மூச்சுவிட இடமில்லை. டை முதலில் நிதானமாகத்தான் ஆரம்பித்தான். அண்ணிக்கு இப்படி ஆனதில் தனக்கும் வருத்தம்தான், இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததாகவும் சொன்னான். அது உண்மை. பிறகு குரல் உடைந்தது.

"அதுக்காக என் வயித்துல அடிக்கலாமா மேடம்? ஆறு வருஷமா நான் காட்டி இவர் பில் போட்டது எத்தனை? அப்போல்லாம் ஏன் யாரும் கஸ்டமர்கிட்ட கேக்கல?"

பில்லக்கா, அப்போது கேட்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவில்லை, அது தன் தவறுதான் என்றாள். மெத்தையக்கா கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா நெட்டையரைப் பார்த்தாள். பழைய நெட்டையராக இருந்தால் அந்நேரத்துக்கு மூன்று பேரையும் ஒருவருக்கொருவர் மோதவிட்டுத் தான் மட்டும் நல்ல பிள்ளையாக வெளியே வந்திருப்பார்.

"தம்பி சொல்றது சரிதான்," என்றார் அவர்.

அறையில் இருந்தவர்கள் இதில் என்ன சூழ்ச்சி என்று யோசித்தார்கள். சூழ்ச்சி ஒன்றும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஆனால் அதனால் ஒன்றும் தீராது, அடுத்த மாதமும் இதே சண்டைதான் வரும் என்று சொன்னார். பேசும்போது எதிர்ச் சுவரில் தொங்கிய தீயணைப்பான் மேல் ஒட்டியிருந்த காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மா கணக்கில் புலி, வாய்ச்சொல்லில் சிக்கனம். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினாள்.

"அப்போ நீங்களே ஒரு திட்டம் எழுதிக் குடுங்க. இந்தக் கடையில எப்படியெல்லாம் ஏமாத்தலாம்னு உங்க அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். மச்சினி ஒரு மாதமாக அவர்களோடு தங்கியிருந்தாள். அன்று மத்தியானம் ஊருக்குத் திரும்ப வேண்டும், பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்து துணி மடித்தாள். பத்தொன்பது வயது, கல்லூரிக்கு மறுபடி போக இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் சாவி எங்கே, கேஸ் தீர்ந்ததா, இந்த அளவுக்குத்தான்.

என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னார். அவள் ஒரு போர்வையை முகவாயில் இடுக்கி மடித்தபடி யோசித்தாள்.

"அந்த அலமாரிய மாடிக்குத் தூக்கிட்டுப் போய் மாட்டினவருக்கு என்ன?"

அது கடையின் ஃபிட்டர். பையில் ஒரு நீளமான திருப்புளி எப்போதும் துருத்திக்கொண்டிருப்பதால் அவருக்குத் திருப்புளி என்று பெயர். அவருக்குச் சம்பளம் உண்டே என்றார் அப்பா. பில் போட்டவர்களுக்கு என்று கேட்டாள். பில்லக்காவுக்கும் சம்பளம்தான்.

"அப்போ அவங்க ஏன் நல்லா செய்யணும்?"

அவர் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மச்சினி நிமிராமலே சொன்னாள்:

"அக்கா கடையில மூணு பேரும் ஒரே டப்பாவுல போட்டு, வாரக் கடைசியில பங்கு பிரிச்சுக்குவாங்களே, அந்த மாதிரி செய்யலாமே மாமா. அக்காவுக்கு ஜிப் வைக்க வராது. அத இன்னொருத்தி வெப்பா. காலர்னா எல்லாம் அக்காகிட்ட வரும்."

அவளுக்கு ஜிப் வைக்க வராது என்பது அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம். டப்பா விஷயத்தை மட்டும் அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது பைத்தியக்காரத்தனம், உழைக்கிறவன் ஒருவன் தின்கிறவன் ஒருவனா என்று அப்போது அவர் சொன்னது நினைவிருக்கிறது. இப்போது தாளில் டப்பா என்று எழுதி அடிக்கோடிட்டார். அதற்கு மேல் உள்ளே எதுவும் அசையவில்லை.

திட்டத்துக்கு முன்னால் இன்னொரு பட்டியலும் எழுதினார். தான் இத்தனை வருடம் என்னென்ன செய்தோம் என்ற பட்டியல். திருடன் நுழைகிற வழி தெரிந்தால்தானே தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்று தெரியும். அதற்காக எழுதினாரே தவிர, மனம் திருந்தி எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கும் முன் எல்லோரும் கீழே, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் உட்கார்ந்தார்கள். திருப்புளியும் வந்திருந்தார். நெட்டையர் நின்றுகொண்டே படித்தார், சரக்குப் பட்டியல் படிக்கிற குரலில்.

சோபாத் துணி மாதிரிப் புத்தகத்தைத் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தது. டைக்கு விடுமுறை நாளில் அவனைத் தேடி வந்தவர்களிடம், அவர் வேலையை விட்டுவிட்டார் என்று சொன்னது. கடைசி ஒன்று மட்டும் மிச்சமிருக்கும் கட்டில்களில் விற்றாகிவிட்டது என்ற அட்டையைத் தானே மாட்டிவைத்து, தன் ஆள் வரும்போது கழற்றியது. வேறொருவரின் வாடிக்கையாளர் படியிறங்கும்போது பக்கத்தில் நடந்து வந்து, இன்னும் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று காதில் சொன்னது. வாங்குகிறவர் வீட்டு வாசலில் குறுகலான படி இருப்பது தெரிந்தும் பெரிய சோபாவை விற்றது. அது உள்ளே போகாமல் திருப்புளி மழையில் ஒன்றரை மணி நேரம் நின்றது. மூன்று முறை வந்து மெத்தையில் படுத்துப் பார்த்த ஒரு புதுத் தம்பதியை, மெத்தையக்கா சாப்பிடப் போன இருபது நிமிடத்தில் பில்லுக்குக் கொண்டுபோனது.

இப்படி மொத்தம் ஒன்பது இருந்தன. படித்து முடித்ததும் டை வாயைத் திறந்து மூடினான். கத்துவதற்கு எவ்வளவோ நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எதிராளியே எடுத்து முன்னால் வைத்துவிட்டால் என்ன செய்வது?

மெத்தையக்கா மட்டும் சொன்னாள்.

"அந்த மாசம் என் பொண்ணுக்குக் கண்ணாடி மாத்தணும்னு இருந்தேன். போர்டு தெரியல தெரியலன்னு சொல்லிட்டே இருந்தா. நாலு மாசம் தள்ளிப் போச்சு."

"ம்" என்றார் நெட்டையர். வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. படியில் கால் வைக்கும்போது அங்கே படி இல்லாமல் போவதுபோல், வெட்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மன்னிச்சிருங்க என்று சொன்னார். அவள் தலையாட்டினாள், ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

பிறகு திட்டத்தைப் படித்தார். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் ஏற வேண்டும், வியாபாரம் படுத்த மாதத்திலும் வாடகை கொடுக்கிற அளவுக்கு. அதற்கு ஈடாகக் கமிஷன் கொஞ்சம் குறையட்டும். ஒவ்வொரு கமிஷனையும் பத்துப் பங்காகப் பிரிக்க வேண்டும். முதலில் அளவு கேட்டு, சாமானைக் காட்டி, வாடிக்கையாளர் பெயரில் கார்டு எழுதியவருக்கு நாலு. முடித்துக் கொடுத்தவருக்கு மூன்று. இரண்டும் ஒரே ஆள் செய்தால் ஏழும் அவருக்கே. மீதி மூன்று டப்பாவுக்கு. மாதக் கடைசியில் பில்லக்கா, திருப்புளி உட்பட ஐந்து பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வது. கார்டுகள் பில்லக்காவின் மேசையில் திறந்த பெட்டியில் இருக்கும். ஒரு மாதத்துக்குள் சாமான் திரும்பி வந்தால் கமிஷன் யாருக்கும் கிடையாது.

முதலாளியம்மா அடிப்படைச் சம்பளம் ஏறுவதில்தான் முகம் சுளித்தாள். நெட்டையர், போன வருடம் வாசலில் நுழையாமல் திரும்பி வந்த சோபாக்கள் மட்டும் பதினான்கு, வண்டி வாடகையும் கிழிந்த துணியும் சேர்த்தால் ஏற்றிக் கொடுப்பதைவிட அதிகம் வரும் என்றார். அவள் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்றாள்.

தன்னுடைய சம்பளம் குறையும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று ஞாயிற்றுக்கிழமையே கணக்குப் போட்டுவிட்டார். பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று இருக்கிற ஒருவரால்தான் அப்படி ஒரு திட்டத்தை எழுத முடிந்தது. அவர் பெரிய மனது பண்ணினார் என்று பில்லக்கா பிறகு பலரிடம் சொன்னாள். மனது என்று ஒன்று அப்போது அவரிடம் இருந்ததா என்பதே சந்தேகம்.

முதல் மாதம் ஒரே கூத்து. டை வாசலிலேயே நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கார்டு எழுதித் தள்ளினான். வழி கேட்க வந்த தபால்காரர் பெயரிலும் ஒரு கார்டு இருந்தது. அறையின் அளவு எழுதாத கார்டு செல்லாது என்று மெத்தையக்கா ஒரு திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. திருப்புளி தானாகவே, சாமான் ஏற்றும் முன் வீட்டுக்குப் போன் போட்டுப் படியின் அகலம் கேட்க ஆரம்பித்தார். பில்லக்கா, மெத்தையை மட்டும் வாங்கியவர்களிடம் தலையணை எடுத்தீர்களா என்று நினைவூட்டினாள். மாதிரிப் புத்தகம் கீழே பொது மேசையில் கிடந்தது. மூன்று மாதம் முடிந்ததும் முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

நெட்டையர் தினமும் வந்தார். அளவெடுத்தார், காட்டினார், விற்றார். யாராவது வாடிக்கையாளரைப் பாதியில் அவரிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், பார்த்துக்கொண்டார். டை ஒருநாள் குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்று ஓடியபோது அவனுடைய இரண்டு பேரை முடித்துக் கொடுத்து, கார்டில் அவன் பெயரை விட்டுவைத்தார். எல்லாம் சரியாக நடந்தது. வீட்டில் மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சமையலில் உப்பு குறைந்தால் அவள்தான் சொல்வாள், அவருக்குத் தெரியாது.

ஐந்தாவது மாதம் ஒரு பெண்மணி வந்தாள். பெண்கள் விடுதி ஒன்று கட்டி முடித்திருந்தாள். நாற்பது கட்டில், நாற்பது மெத்தை, நாற்பது சின்ன அலமாரி. முதல்நாள் வந்தபோது டை ஒரு அறையின் அளவை வாங்கிக் கார்டு எழுதினான், இரண்டு கட்டில் காட்டினான். அதோடு சரி. அடுத்து வந்ததெல்லாம் நெட்டையரிடம். ஒன்பது முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் அண்ணன் ஒரு யோசனை, தம்பி ஒரு யோசனை, பொறியாளர் ஒரு யோசனை என்று கொண்டுவந்தாள். அவர் விடுதிக்கே இரண்டு முறை போய், சிமெண்ட் தூசியில் மண்டியிட்டுச் சுவர்களை அளந்தார். கட்டில் தலைமாட்டில் பிளக் பாயிண்ட் மறையாமல் இருக்க எப்படிப் போடுவது என்று வரைந்து கொடுத்தார். கடைசியில் ஒருநாள் காலை அவள் முன்பணத்தோடு வந்தாள்.

கடையின் வரலாற்றில் அவ்வளவு பெரிய பில் போட்டதில்லை. பில்லக்கா கம்பளியை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றே தட்டச்சு செய்தாள். நெட்டையர் கார்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பெண்மணியின் கார்டு கண்ணில் பட்டது. டையின் கையெழுத்து, ஒரே ஒரு அறையின் அளவு. காட்டியவருக்கு நாலு, முடித்தவருக்கு மூன்று.

காது மடல் சூடாவதை அவர் உணர்ந்தார். முதலில் அது என்னவென்றே புரியவில்லை. ஐந்து நிமிடம் பேசியவனுக்கு நாலு, முழங்கால் தேய அளந்தவனுக்கு மூன்றா? அந்தப் பெண்மணி கையெழுத்துப் போடக் குனிந்த நேரம், அவர் கை பெட்டிக்குள் போய்க் கார்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டது.

"அண்ணா, இவங்க கார்டக் காணோமே. யார் காட்டினது?"

"நான்தான்."

பில்லக்கா இரண்டு இடத்திலும் ஒன்று என்று போட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் பேருந்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். கோபம் தணியவில்லை. அந்தப் பயல் டையை நினைத்துக் கோபம், திட்டத்தை எழுதிய தன்னை நினைத்துக் கோபம், அதை நகம் கடிப்பதுபோல் உள்ளுக்குள் மறுபடி மறுபடி கடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக் கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்:

"நாற்பது கட்டில் இன்னிக்கு. கார்ட எடுத்து ஒளிச்சுட்டேன்."

கெட்டிக்காரத் திருடன் என்று அவள் சொல்வாள். எத்தனையோ சாயங்காலம் சொல்லியிருக்கிறாள், பாதி சிரிப்பும் பாதி கண்டிப்புமாக. கடையில் அவர் செய்கிற ஒவ்வொரு தில்லுமுல்லும் அவளிடம் வந்து சொன்ன பிறகுதான் அவருக்கு முடிந்ததாகத் தோன்றும். இப்போது சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் அங்கேயே, கதவுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கால்கள் நீளமானதால் வழி முழுக்க அடைத்துக்கொண்டது. கல்லூரியிலிருந்து திரும்பிய மகள் கதவைத் தள்ளியபோது அது அவர் முழங்காலில் இடித்து நின்றது. இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், மூக்கு ஒழுக, தோள் குலுங்க. அவள் பையை வெளியே வைத்துவிட்டு, ஒருக்களித்து உள்ளே நுழைந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர்தான், அம்மாவுக்கு ஜிப் வைக்க வராதாமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், என் ஸ்கூல் பாவாடைக்கெல்லாம் ஹுக்தான் என்றாள்.

மறுநாள் காலை அவர் கார்டைப் பில்லக்காவின் மேசையில் வைத்து, நேற்று பில்லில் காட்டியவர் மூன்றாம் எண் என்று மாற்றச் சொன்னார். அவள் கார்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கண் இரண்டும் வீங்கியிருந்ததைப் பார்த்தாள். எண்ணை மாற்றினாள்.

டையிடமும் அவரே போய்ச் சொன்னார். சாப்பாட்டு நேரம், பின்கட்டில் அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். டை கேட்டுக்கொண்டே தக்காளியைக் கடித்தான்.

"உங்க பட்டியல்ல பத்தாவதா இதையும் சேத்துக்கலாம்ணா."

"சேத்துக்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, உனக்கு நாலு பங்கு ரொம்ப ஜாஸ்தி."

"நீங்க எழுதினதுதான்."

"எழுதும்போது எனக்குச் சரியில்ல. ஒன்பது தடவை வந்தாங்க. ரெண்டு தடவை அங்கேயே போய் அளந்தேன். பேன்ட்டப் பாரு, இன்னும் சிமெண்ட் போகல. அதுக்கு ஒரு கணக்கு வேண்டாமா?"

டை யோசித்தான். மூன்று தடவைக்கு மேல் வந்தால் காட்டியவருக்கு மூன்று, முடித்தவருக்கு நாலு என்று வைத்துக்கொள்ளலாம் என்றான். நெட்டையர் அதை ஏற்கவில்லை. காட்டியவருக்கு இரண்டு போதும், தனக்கு ஐந்து வேண்டும் என்றார். ஐந்து அநியாயம் என்றான் டை. எது அநியாயம், ஒரு அறையை அளந்துவிட்டு நாலு வாங்குவதா என்று நெட்டையர் குரலை உயர்த்தினார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. பில்லக்கா முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். டப்பாவில் கை வைக்காமல் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள் என்று திருப்புளி சாப்பாட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்.

வாசல் கதவின் மணி அடித்தது. யாரோ வாடிக்கையாளர். இருவரும் எழுந்திருக்கவில்லை, டை ஒரு அட்டைப் பெட்டியின் முதுகில் பேனாவால் பங்கு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான், நெட்டையர் அதை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். மெத்தையக்கா கையைக் கழுவிக்கொண்டு, கார்டை எடுத்துக்கொண்டு, முன்னால் போனாள்.